ஆவடியிலிருந்து கிண்டிக்கு: ஒரு சிவில் மாணவியின் சென்னை செமஸ்டர்

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் சிவில் படித்த மாணவி ஒருவர், 2025 பொங்கல் முடிந்த கையோடு எட்டாம் செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னை போனார். மே கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்தது. கல்லூரி சார்பில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவன் நான். அவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டு, மற்றதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த செமஸ்டரில் அவர் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பதைத் தீர்மானித்தது அவர் தங்கிய இடம். அதே மாணவி, அதே அலுவலகம், அதே மேலதிகாரி. வீடு மாறியதும் எல்லாம் மாறியது. இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களை அனுப்பும் கல்லூரிகள் நிறுவனத்தைப் பார்க்கின்றன, கடிதத்தைப் பார்க்கின்றன, எத்தனை மணி நேரம் என்று பார்க்கின்றன. எங்கே தங்கப் போகிறாய் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

ஏழு செமஸ்டர் வரை

அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா பீடி சுற்றுகிறார். மாணவி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021ல் பொறியியலுக்கும் வந்தபோது, அந்த முதல் தொகுதியிலேயே இடம் கிடைத்தவர். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கிய பிறகு மாதம் 1,000 ரூபாயும் கணக்கில் விழுந்தது. ஏழு செமஸ்டர் வரை வீட்டிலிருந்து அவருக்குப் போனது துணிமணிக்கும் ஊர் போய்வருவதற்குமான பணம் மட்டும்தான். இந்த ஏற்பாடு இல்லையென்றால் அவர் பொறியியல் படித்திருக்கவே முடியாது. அதை அவரும் சொல்வார், நானும் சொல்வேன்.

எட்டாம் செமஸ்டரில்தான் சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிகளின்படி அந்த செமஸ்டரில் பிராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப் செய்யலாம், 10 கிரெடிட். கல்லூரியிலேயே உட்கார்ந்து பிராஜெக்ட் செய்தால் விடுதியும் சாப்பாடும் தொடரும். ஆனால் கட்டட வடிவமைப்பு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு எங்கள் ஊரில் கற்றுக்கொள்ள அலுவலகம் இல்லை. சென்னைக்குத்தான் போக வேண்டும். போனால், அரசு ஏற்றுக்கொண்ட விடுதி பின்னால் நின்றுவிடுகிறது. சென்னையில் எடுக்கும் அறைக்கு யாரும் பணம் தருவதில்லை. மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் காலத்தில் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் 5,000 ரூபாய் இருந்தது. ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அதில் சேர முடியவில்லை.

இவருக்கு இடம் கிடைத்தது கிண்டி தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில். மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். அந்த அளவு அலுவலகத்தில் அது நல்ல தொகை. நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்று பெயரும் இருந்தது. நானே பேசி வாங்கித் தந்த இடம்.

சித்தப்பா வீடு

அப்பா ஒரே நிபந்தனை வைத்தார். ஆவடியில் ஒன்றுவிட்ட தம்பி வீடு இருக்கிறது, அங்கேதான் தங்க வேண்டும். போனில் என்னிடம் கேட்டார்: "நம்ம ஆளுக வீடு இருக்கும்போது பொம்பளப்பிள்ளைய ஹாஸ்டல்ல எதுக்கு சார் விடணும்?" வாடகை இல்லை, சாப்பாட்டுக் காசு இல்லை, பிள்ளைக்கும் பாதுகாப்பு. மறுத்துப் பேச எந்தத் தகப்பனுக்கும் காரணம் தோன்றாது.

ஆவடி எங்கே, கிண்டி எங்கே என்று சென்னைவாசிகளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல். இறங்கி, சுரங்கப்பாதையில் நடந்து, பார்க் ஸ்டேஷன். அங்கே தாம்பரம் பக்கம் போகும் வண்டியைப் பிடித்து கிண்டி. அப்புறம் தொழிற்பேட்டைக்குள் நடை. ஒரு வண்டி தவறினால் அடுத்ததும் தவறும். காலை 6.45க்குக் கிளம்பினால்தான் 9 மணிக்குள் நிம்மதியாகப் போய்ச் சேர முடியும். சாயங்காலம் இருட்டுவதற்கு முன் வீடு வந்துவிட வேண்டும் என்பது சித்தியின் எதிர்பார்ப்பு. அதில் தப்பு ஒன்றுமில்லை, அடுத்தவர் பிள்ளை அவர் பொறுப்பில் இருக்கிறது. அலுவலகத்திலும் நல்ல மனதோடு 4.30க்கே கிளம்ப விட்டார்கள். வந்ததும் சித்திக்குக் கொஞ்சம் கைவேலை, சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். யாரும் அவரை வேலை வாங்கவில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் சும்மா தங்கிச் சாப்பிடும் பெண், சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அவருடைய தினக்குறிப்பு நோட்டை வாரம் ஒருமுறை படமெடுத்து எனக்கு அனுப்புவார். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முழுக்க அதில் ஒரே வரி: ஆட்டோகேட் டிராயிங் திருத்தம். ஆட்டோகேட் என்பது கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள். இடையில் எப்போதாவது கம்பிப் பட்டியல் சரிபார்த்தல். இந்த வேலையைக் கல்லூரி லேபிலேயே செய்திருக்கலாம்.

நிறுவனத்தின் மூத்த பொறியாளரிடம் பேசினேன். அவர் குறை சொல்லவில்லை. "நல்ல பொண்ணு சார், கையில கணக்குப் போடுறது சுத்தமா இருக்கு. ஆனா நாங்க உட்கார்ந்து பேசுறதே அஞ்சு மணிக்கு மேலதான்" என்றார். கட்டட வடிவமைப்பு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பகலில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். சைட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வந்து, போன்கள் ஓய்ந்த பிறகுதான் மூத்தவர் டிராயிங்கை விரித்து சிவப்புப் பேனாவோடு உட்காருவார். இந்த பீம் ஏன் இவ்வளவு ஆழம், மண் பரிசோதனை அறிக்கையில் இந்த எண்ணை ஏன் நம்பக்கூடாது, ஈடேப்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள் காட்டும் மொமெண்டை (வளைக்கும் விசையின் அளவை) ஒரு துண்டுத் தாளில் எப்படிச் சரிபார்ப்பது என்ற பேச்செல்லாம் அந்த நேரத்தில்தான். சைட்டும் அப்படியே. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி சரிபார்ப்பது விடிகாலையில். கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிகள் நெரிசல் அடங்கி வருவதால் கான்கிரீட் பல நாள் இரவில். 9 மணிக்கு வந்து 4.30க்குக் கிளம்புகிறவருக்கு இந்த இரண்டு முனையும் கிடைக்காது. நடுவில் இருக்கும் டிராயிங் திருத்தம்தான் கிடைக்கும்.

வாடகை இல்லாத அந்த வீட்டுக்கு அவர் கொடுத்த விலை இது. ஷேர் ஆட்டோவுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் போனது தனி.

சைதாப்பேட்டை

ஹாஸ்டலுக்கு மாற வேண்டும் என்று மாணவியே சொன்னார். அப்பாவிடம் என்னைப் பேசச் சொன்னார். நான் அப்பாவிடம் வாதாடவில்லை. ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தார். கிண்டிக்கு அடுத்த ஸ்டேஷனான சைதாப்பேட்டையில் மகள் பார்த்து வைத்திருந்த லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனார். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கேட்டார், காட்டினார்கள். வார்டன் அம்மா கோவில்பட்டிக்காரர் என்று தெரிந்ததும் பாதி சமாதானமானார். அன்று காலை ஆவடியிலிருந்து மகளோடு அவரும் ரயில் மாறி மாறி வந்திருந்தார். மீதி சமாதானத்தை அந்தப் பயணம் செய்துவிட்டது.

நான்கு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு மாதம் 7,000. அட்வான்ஸ் இன்னொரு 7,000. போக்குவரத்து, போன், சோப்பு, சைட்டுக்கான பாதுகாப்பு ஷூ என்று சேர்த்தால் மாதம் 9,500ஐத் தொட்டது. வரவு உதவித்தொகை 5,000, புதுமைப் பெண் 1,000. மிச்சத்துக்கு அம்மா மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்தார். சென்னையில் ஒரு பெரிய செலவு மிச்சமானது, வெள்ளை போர்டு சாதாரண பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால்தான். 2021 மே மாதம் முதல் இருக்கும் இந்தச் சலுகையை மாணவி தன் கணக்கு நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். சைட்டுக்குப் போகும் நாட்களில் அந்த ஒரு வரி பெரிய உதவி.

இந்தக் கணக்கை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 5,000 ரூபாய் தரும் நிறுவனம் தாராளமானது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அந்தத் தொகையில் கிண்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில்கூட எடுக்க முடியாது. பெற்றோர் மீதியைப் போட முடிகிற பிள்ளைக்கு அது உதவித்தொகை. பீடி சுற்றுகிற அம்மாவின் பிள்ளைக்கு அது கடன் வாங்கினால் மட்டும் பயன்படும் தொகை.

மார்ச் முதல் தினக்குறிப்பின் மொழியே மாறியது. ஆட்டோகேட் என்ற சொல் குறைந்தது. பைல் கேப், லேப் நீளம், கியூப் ரிசல்ட், சைட் என்று கட்டுமான இடத்துச் சொற்கள் வந்தன. பக்கங்கள் நீண்டன. சில நாள் ஓரத்தில் படம் போட்டிருந்தார்.

மேடவாக்கம் சைட்

அவருக்குக் கிடைத்த சைட் மேடவாக்கத்தில், தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளமும் ஐந்து மாடியுமான குடியிருப்பு. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கத்துப் பகுதி. களிமண், எனவே மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் அடித்தளம். சோழிங்கநல்லூர் வரை போகும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலை என்பதால் கிண்டியிலிருந்து அங்கே போவதே ஒரு வேலை. காலை 6 மணிக்கு சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பினால் கம்பி சரிபார்ப்புக்கு நேரத்துக்குப் போய்விடுவார். ஆவடியிலிருந்து இது நினைத்தே பார்க்க முடியாது.

ஏப்ரலில் ஒரு காலை, முதல் மாடி பில்லர்களுக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். 300க்கு 600 மி.மீ. பில்லர், 16 மி.மீ. கம்பிகள். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எல்லாம் கீழிருந்து மேல்வரை 150 மி.மீ. இடைவெளியில் ஒரே சீராக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்புக்கான ஐஎஸ் 13920 விதிப்படி பில்லரின் இரண்டு முனைகளிலும் ரிங் நெருக்கமாக வர வேண்டும். பில்லரின் சிறிய பக்கத்தில் நாலில் ஒரு பங்கு, நெடுக்குக் கம்பியின் விட்டத்தைப் போல ஆறு மடங்கு, 100 மி.மீ. ஆகிய மூன்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. இந்தப் பில்லருக்கு அது 75 மி.மீ.; மேலும் கீழும் 600 மி.மீ. உயரத்துக்கு அப்படி வர வேண்டும். 150 என்பது நடுப்பகுதிக்குத்தான் சரி. பில்லர் உடைவது பெரும்பாலும் பீமோடு சேரும் முனைக்குப் பக்கத்தில்தான் என்பதால் இந்த விதி. டிராயிங்கிலும் அப்படித்தான் இருந்தது. ரிங்கின் கொக்கிகளும் சில இடங்களில் 135 டிகிரிக்கு உள்ளே மடங்காமல் 90லேயே நின்றிருந்தன.

கம்பி கட்டியவர்கள் ஒடிசாக்காரர்கள். இவருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. கீழே கிடந்த பிளைவுட் துண்டில் பில்லரை வரைந்து, முனைகளில் நெருக்கமாகவும் நடுவில் தள்ளியும் கோடு போட்டு, எண்களை எழுதிக் காட்டியிருக்கிறார். குழுவின் மூத்தவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மேஸ்திரிதான் கொஞ்சம் முறைத்தார்: "இவ்வளவு நாளா இப்படித்தான் மேடம் போடுறோம்." மாணவி டிராயிங்கை விரித்துக் காட்டி, மூத்த பொறியாளருக்கும் போன் போட்டார். அன்றைய கான்கிரீட் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கூடுதல் ரிங் கட்டினார்கள்.

பாடத்தில் கான்கிரீட்டுக்கான பொது விதியான ஐஎஸ் 456ஐ நாங்கள் விரிவாக நடத்துகிறோம். 13920 ஓரத்தில் வந்துபோகும். வைவாவில் அவர் அதை எந்தத் தாளும் பார்க்காமல் சொன்னபோது, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன் பேனாவை மூடிவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். என் பணிக்காலத்தில் நான் மிகவும் மகிழ்ந்த வைவா அதுதான்.

அந்த சைட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. இதைப் பெண் மாணவிகளை அனுப்பும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அப்போது அமலில் இருந்த, கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வேலையிடத்தில் கழிப்பறையும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அங்கே ஆண்களுக்குத் தகரம் அடித்த ஒரு மறைவிடம் இருந்தது. அவ்வளவுதான். சைட் நாட்களில் மாணவி காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். ஏப்ரல் வெயிலில், கான்கிரீட் தளத்தின் மேல். ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்ததும், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண் விசாரித்திருக்கிறார். "ஏன் பாப்பா, எங்கள்ட்ட சொல்லக்கூடாதா?" என்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டுக்காரம்மாவிடம் சித்தாள் பெண்கள் முன்பே பேசி வைத்திருந்த ஏற்பாடு அது. அதன்பின் இருவரும் சேர்ந்தே போய்வந்தார்கள்.

இதை மாணவி தினக்குறிப்பில் எழுதவில்லை. நான் ஆண் வழிகாட்டி என்பதால் சொல்லவும் இல்லை. மே மாதம் எங்கள் துறையின் பெண் பேராசிரியர் ஒருவர் பேசியபோதுதான் வெளியே வந்தது. மூத்த பொறியாளர் கேள்விப்பட்டதும் ஒப்பந்ததாரருக்கு எழுதி, தற்காலிகக் கழிப்பறை வைக்கவைத்தார். முன்பே கேட்டிருந்தால் மார்ச்சிலேயே நடந்திருக்கும். சித்தாள் பெண்களுக்கும் அது கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகள்

நகரம் அவரை மிரட்டியது என்று எழுத எனக்கு ஆசையில்லை, உண்மையும் அதுவல்ல. முதல் வாரம் சென்ட்ரல் கூட்டத்தில் பயந்தார், அப்புறம் பழகிவிட்டார். அவர் சென்னையில் கண்டுபிடித்த இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்த அந்தக் கட்டடம் சைதாப்பேட்டையிலிருந்து பக்கம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, பகல் முழுக்க யாரும் எழுப்பிவிடாத நாற்காலி. அறிக்கையின் பெரும்பகுதியை அங்கேதான் எழுதினார். நான்கு பேர் இருக்கும் அறையில் மேசையே கிடையாது. மாணவர்களைச் சென்னைக்கு அனுப்பும்போது இந்த ஒரு முகவரியைக் கொடுத்தனுப்பினாலே பாதிப் பேருக்கு உதவியாக இருக்கும்.

அதே வகுப்பிலிருந்து சென்னை போன இன்னொரு மாணவரையும் சொல்ல வேண்டும். அப்பா மதுரையில் ஒப்பந்ததாரர், அண்ணன் ஈக்காட்டுதாங்கலில் குடியிருக்கிறார். கணக்கில் இந்த மாணவியைவிடப் பின்தங்கியவர்தான். ஆனால் முதல் வாரத்திலிருந்தே இரவுக் கான்கிரீட்டுக்கு நின்றார். செமஸ்டரின் நடுவில் இருவரையும் ஒப்பிட்டிருந்தால் அவரைத்தான் திறமைசாலி என்று சொல்லியிருப்போம். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் படுக்க ஒரு இடம் இருந்ததையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறேன்.

இப்போது எங்கள் துறையில்

அனுமதிக் கடிதம் கொடுக்கும் முன் ஒரு தாளை நிரப்பச் சொல்கிறோம். தங்கும் இடம் எது, அலுவலகத்துக்கு எத்தனை வண்டி மாற வேண்டும், ராத்திரி எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், முதல் இரண்டு மாத வாடகைக்குப் பணம் எங்கிருந்து வரும். நிறுவனத்துக்கும் கேள்விகள் உண்டு: கற்றுத்தரும் நேரம் எப்போது, சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, பாலியல் தொல்லை புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு உண்டா. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் பொருந்தும் என்பது பல சிறு அலுவலகங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கிறது.

ஹாஸ்டல் அட்வான்ஸுக்கு மட்டும் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சுழல்நிதி போட்டிருக்கிறார்கள். வட்டி இல்லை, அறையைக் காலி செய்து அட்வான்ஸ் திரும்பி வந்ததும் மாணவர் கட்டிவிட வேண்டும். உறவினர் வீட்டில் தங்கப் போவதாக எழுதினால், அந்த வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம். பிள்ளை தனியாகப் போகக்கூடாது, அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும்.

உதவித்தொகை விஷயம்தான் அசையவில்லை. குறைந்தது அந்தப் பகுதி ஹாஸ்டல் கட்டண அளவுக்காவது கொடுங்கள் என்று நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறோம். சிலர் ஏற்றார்கள், பலர் பதில் போடவில்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களுக்கு அரசு ஏற்கும் விடுதிச் செலவு எட்டாம் செமஸ்டரில் அவர்கள் பயிற்சி பெறும் ஊருக்கும் தொடர வேண்டும் என்பது என் கோரிக்கை. அந்தப் பிள்ளைகள் கல்லூரி விடுதியில் இருந்தால் எப்படியும் அரசு கட்டப்போகிற பணம்தான் அது.

மாணவி இப்போது அதே கிண்டி அலுவலகத்தில் பயிற்சிப் பொறியாளர், சம்பளம் 15,000. சைதாப்பேட்டை ஹாஸ்டலிலேயே இருக்கிறார். அம்மாவின் குழுக் கடனை முதல் சம்பளத்திலிருந்து கட்ட ஆரம்பித்தார்; இன்னும் சில தவணை பாக்கி இருக்கிறது.